வத்தல் பேட்டை மூக்கு பாய்

விருதுநகரில் செய்யது அபுதாஹிர் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். மூக்கு பாய் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வாசலில் விட்டுவிட்டு, உங்கள் செலவில் ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

பார்க்க அது ஒன்றும் லட்சணமான மூக்கு இல்லை. நடுவில் புடைத்து நுனியில் சப்பையாக, அவசரத்தில் பிடித்து வைத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் சோலைமலையின் கமிஷன் கடையில் முப்பத்தொரு வருஷமாக வத்தலுக்குத் தரம் சொன்னது அந்த மூக்குதான். லாரியிலிருந்து மிளகாய் வத்தல் மூடைகள் வந்து இறங்கும். அபுதாஹிர் மூடையின் வாயைப் பிரித்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். மேலே கிடக்கிற வத்தல் எப்போதும் மாப்பிள்ளைக் கோலத்தில்தான் இருக்கும், அடியில் கிடக்கிறதுதான் நிஜம் பேசும் என்பார். ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவார். விதை கலகலவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்த சரக்கு. அப்புறம் அதைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் சரக்கு அடுக்கிய கிட்டங்கிக்குள் யாரும் பேசக் கூடாது, முதலாளியே ஆனாலும்.

"தார் ரோட்டுல போட்டுக் காய வச்சிருக்கான். தார் வாடை அடிக்கி" என்பார். "போன வருசத்துச் சரக்கைப் புதுசோட கலந்திருக்கான்" என்பார். கொண்டுவந்தவன் முகம் சுண்டிப்போகும். ஈரப்பதம் பார்க்கிற மிஷின் ஒன்றைக் கடையில் வாங்கி வைத்தபோது, "தண்ணி எம்புட்டுன்னு மிசின் சொல்லும். தப்பு எம்புட்டுன்னு சொல்லாது" என்று அதை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். மிஷின் அங்கேயே கிடந்து தூசி பிடித்தது.

அந்த மூக்கைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படிப்பட்ட பாடு என்பதை அவர் மனைவி சம்சாத்திடம்தான் கேட்க வேண்டும். மனிதர் தெருமுனையில் திரும்பும்போதே குற்றப்பத்திரிகை தயாராகிவிடும். வெந்தயத்தை ஒரு நிமிஷம் கூடுதலாக வறுத்துவிட்டாய், எண்ணெய் பழசு, இஞ்சி முற்றல். சோறு தின்று முடித்து இறைவனுக்கு நன்றியாக 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வார், அதுவும் கை கழுவ எழுந்திருக்கிற அவசரத்தில் சொல்வார்.

"இருபத்தெட்டு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நல்லாருக்குன்னு சொன்னா நாக்குத் தேஞ்சா போயிரும்?" என்று சம்சாத் கேட்காத வாரமில்லை.

போன பங்குனியில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் சுற்றியது. அபுதாஹிரையும் எட்டு நாள் படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்தது. ஒன்பதாம் நாள் எழுந்து கடைக்குப் போனார். உடம்பு அசதியாக இருந்ததே தவிர வேறு வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வத்தலைக் கிள்ளினால் வழக்கம்போல மூக்கில் சுர்ரென்று ஏறியது. அது போதுமே.

சித்திரையில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து நாகையா பதினாலு மூடையோடு வந்தான். நாகையாவும் அவன் மனைவி சண்முகத்தாயும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அடுத்தவர் காட்டில் வேலை செய்து, பிறகு பட்டாசு செய்கிற வெடி கம்பெனியில் வேலை செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு ஏக்கர் கரிசல் வாங்கியவர்கள். அவன் இப்போது காட்டோடு இருக்கிறான், அவள் இன்னும் கம்பெனிக்குப் போகிறாள். பதினாலு மூடையில் நாலு மூடைக்கு மட்டும் வாயில் சிவப்பு நூல் கட்டியிருந்தான் நாகையா.

"பாய், செவப்பு நூல் கட்டினது நாலும் களத்துல காயுறப்ப கோடை மளயில நனைஞ்சு போச்சு. மறுபடி காய வச்சிட்டேன். ஆனாலும் நீங்க பாத்துச் சொல்லுங்க. சரியில்லன்னா திரும்பத் தூக்கிட்டுப் போயிருதேன்."

எத்தனை பேர் இப்படி வாயைத் திறந்து சொல்வார்கள்? அபுதாஹிர் நாலு மூடையிலும் கையை விட்டார். குலுக்கினார், விதை ஆடியது. கிள்ளினார், மோந்தார், சுர்ரென்று ஏறியது.

"ஒண்ணும் ஆவலை நாகையா. நல்ல சரக்கு. சும்மாப் பயந்துக்கிட்டு" என்று தன் கையாலேயே சிவப்பு நூலை அறுத்துப் போட்டார். பதினாலு மூடையும் ஒன்றாகி, மசாலா கம்பெனி ஒன்றுக்குப் போகிற லோடோடு சேர்ந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் நெய்ச்சோறும், பருப்பும் கறியும் சேர்த்த தால்ச்சாவும். கல்யாணமாகி மதுரையில் இருக்கும் மகள் நாதியாவோடு போனில் பேசிக்கொண்டே இருந்ததில் சம்சாத் தால்ச்சாவை அடிபிடிக்க விட்டுவிட்டாள். மேலாக அள்ளி வேறு பாத்திரத்தில் ஊற்றி, கொத்தமல்லியைத் தூவி, நெஞ்சு படபடக்கக் கொண்டுவந்து வைத்தாள். அபுதாஹிர் தின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எப்படி இருக்கிறது என்று அவளே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பாவம், சம்சாத்துக்கு அன்று காலே தரையில் பாவவில்லை. நாதியாவுக்கு உடனே போன் போட்டாள். "உங்கத்தா திருந்திட்டாருடி! அடிபிடிச்ச தால்ச்சாவை நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. எம்மேல எம்புட்டுப் பிரியம் பாரேன்!" இரண்டு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. மூன்றாம் நாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போடப் போனாள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. படியிறங்கி வந்தவளுக்கு வாடை குப்பென்று அடித்தது. அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து அடுப்பைத் திருகி மூடி ஜன்னலைத் திறந்தாள். அடுக்களைக்கு அடுத்த அறையில் அபுதாஹிர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க! கேஸ் வாடை கொடலைப் புடுங்குது, நீங்க என்னமோ பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்கீக?"

"வாடையா? எங்கன?"

சம்சாத் அவரையே பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து அத்தர் பாட்டிலை எடுத்து வந்தாள். கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே பிடித்தாள். "பன்னீரு" என்றார் அவர். அடுக்களைக்குப் போய்க் கருவாட்டை எடுத்து வந்து காட்டினாள். "சாம்பிராணி" என்றார், கொஞ்சம் கோபமாக. கடைசியில் வெறும் கையை மூடிக் கொண்டுபோய் மூக்கடியில் வைத்தாள்.

"இது என்னங்க?"

"மல்லியப்பூ. தெரியுது, தெரியுது" என்றார் அபுதாஹிர்.

கண்ணைத் திறந்தவர் எதிரே விரிந்திருந்த வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். அவ்வளவுதான், சம்சாத் தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை வருஷம் சபித்துத் தீர்த்த மூக்குக்காக அவள் அப்படி அழுவாள் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள்.

மூக்கு டாக்டர் பொறுமையான மனிதர். "காரத்தைச் சொல்ற நரம்பு வேற, வாசனையைச் சொல்ற நரம்பு வேற. வத்தல்ல இருந்து உங்களுக்கு நெடி ஏறுது, மணம் ஏறலை. நெடி இருந்ததால மணம் போனது தெரியாம இருந்திருக்கீங்க" என்றார். ஒரு டெய்லருக்கோ டிரைவருக்கோ மணம் போயிருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். வத்தல் கிட்டங்கியில் முப்பத்தொரு வருஷம் நின்றவருக்குத்தான் இப்படி ஓர் ஏமாற்றம் நடக்கும்.

"திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம். மாசக்கணக்காகும். சிலருக்கு வராமலும் போகும். காலையும் சாயங்காலமும் நாலு பொருளை எடுத்து மோந்து பாருங்க. ஒண்ணும் தெரியலைன்னாலும் அது எப்படி மணக்கும்னு நினைச்சு நினைச்சு மோந்து பாருங்க. விட்டுடாதீங்க."

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதுதான் அபுதாஹிருக்குச் சிவப்பு நூல் ஞாபகம் வந்தது.

அந்த வாரமே லோடு திரும்பி வந்தது. மூடைக்குள் பூசணம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள், பிரித்துப் பார்த்தால் நாகையாவின் மூடைகள். சோலைமலை நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடையே கேட்க நாகையாவைப் பிடித்துக் காய்ச்சினார்.

"மொதலாளி, நனைஞ்சதை நான் பாய்கிட்டச் சொன்னேனே. நூல் கூடக் கட்டி..." என்றது நாகையாவின் குரல்.

"ஏலே, யார்கிட்டக் கதை விடுத? பாய் மூக்குத் தப்புப் பண்ணாது! நீ என்னத்தையோ கலந்து ஏமாத்தியிருக்கே. இனிமே உன் மூடை எங்கடை வாசல்ல எறங்கப்படாது!"

அபுதாஹிர் அங்கேதான், நாலடி தூரத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் அவரைத் தாங்கிப் பேச ஒன்றுமே இல்லை. ஊர் முழுக்க நம்புகிற மூக்கு செத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஏழையின் பெயர் பிழைக்கும். சொன்னால் தன் பெயர் போகும். நின்றார், கேட்டார், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். அந்தி நேர மக்ரிப் தொழுகையில் எத்தனாவது ரக்அத்தில் நிற்கிறோம் என்பது மறந்துபோய் இரண்டு தடவை முதலிலிருந்து தொழுதார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தார். நடந்ததைச் சம்சாத்திடம் சொன்னார்.

"மூக்கு போனா மனுசன் பொளச்சுக்கலாம். அந்தப் புள்ளைய கள்ளன்னு விட்டுப்புட்டு எப்படித் தூங்குவீக?" என்று கேட்டாள் சம்சாத்.

மறுநாள் காலை கடை திறந்ததும், சுமை தூக்குகிறவர்கள், காம்பு கிள்ளுகிற பெண்கள், கணக்கர் எல்லோரும் இருக்கும்போதே அபுதாஹிர் முதலாளி மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"நாகையா சொன்னது நெசம் மொதலாளி. நூலை அறுத்தது இந்தக் கைதான். எம் மூக்கு செத்துப்போச்சு. ஒரு மாசமா எனக்கு ஒரு மணமும் தெரியலை. நேத்து நீங்க அவனை வையுறப்போ தெரிஞ்சேதான் சும்மா நின்னேன். அதுதான் பெரிய தப்பு."

சோலைமலை எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ போனை எடுத்து நாகையாவைக் கூப்பிட்டு, "அய்யா, நான் பேசினதை மனசுல வச்சுக்கிடாதே" என்றார். அப்புறம் அபுதாஹிரிடம், "இனி மோந்து பாக்க யாரு பாய்?" என்றார், வீட்டில் எழவு விழுந்த குரலில்.

"ஆவுடைத்தாயைக் கூப்பிடுங்க."

ஆவுடைத்தாய் அங்கே இருபது வருஷமாக மூலையில் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறவள். மோசமான சரக்கு வந்தால், அபுதாஹிர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வதை அவர் பல வருஷமாகக் கவனித்திருக்கிறார். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து கையும் காதும் அபுதாஹிர், மூக்கு ஆவுடைத்தாய் என்று ஆனது. முப்பத்தொரு வருஷம் தன்னுடையதாக இருந்த இடத்தை அப்படிச் சிரித்த முகத்தோடு பங்கு போட்டுக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போய் பஸ் மாறி ஏழாயிரம்பண்ணையில் இறங்கினார். போனில் பேசினால் போதாது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டார். நாகையா எழுந்து, "வாங்க பாய்" என்றான். சண்முகத்தாய் வாங்க என்று சொல்லவில்லை. அன்று பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்காததை அபுதாஹிர் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"நாலு நாளா இந்த மனுசன் கஞ்சி குடிக்கலை, தெரியுமா? நனைஞ்சது நனைஞ்சதுன்னு நூலைக் கட்டிக் கொண்டாந்தவனுக்குக் கள்ளப் பட்டமா? படிச்சவுக, தொழுதவுக, உங்க வாயில அன்னைக்கு என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீ சொல்லுறது அம்புட்டும் சரி தாயி. இன்னும் நாலு வார்த்தை வேணும்னாலும் வையி" என்று நின்றார் அபுதாஹிர். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி நின்றதில் அவளுக்கு வசவு தீர்ந்துவிட்டது. மோர் கொண்டுவந்து கொடுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

நாகையா காட்டைக் காட்டக் கூட்டிப் போனான், சண்முகத்தாயும் பின்னால் வந்தாள். கோடை உழவு போட்ட கரிசல், கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்தது. தூரத்தில் வெடி கம்பெனிச் சிறு கட்டடங்கள் தள்ளித் தள்ளி நின்றன. புரட்டாசியில் விதைப்பு, மார்கழியில் பூப்பு, மாசியில் பழம் என்று நாகையா சொல்லிக்கொண்டே வந்தான்.

"பூவும் செவப்பாத்தான இருக்கும்?" என்று கேட்டார் அபுதாஹிர்.

நாகையா நின்றுவிட்டான். சண்முகத்தாய் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏ ஆத்தி! முப்பத்தொரு வருசமா வத்தலைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கீக, மொளகாப் பூ என்ன நெறம்னு தெரியாதா?"

தெரியாது. நிஜமாகவே தெரியாது. அவருக்கு மிளகாய் என்றால் மூடையில் பிறந்து மூடையில் வளர்கிற பொருள். அது மண்ணில் முளைத்து, மழைக்குக் காத்திருந்து, பூத்து, காய்த்து, இரண்டு பேருடைய முதுகை ஒடித்துத்தான் தன் மூக்குக்கு வந்தது என்பதை நின்று யோசிக்க அவருக்கு நேரமே இருந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"மார்களில வாங்க, காட்டுதேன்" என்றான் நாகையா. அபுதாஹிர் மார்கழி வரை காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறே வந்தார், அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார்.

காலையும் மாலையும் வீட்டில் கிராம்பையும் ஏலக்காயையும் மோந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காட்டில் தும்பை, துளசி, கொழுஞ்சி, கையில் அகப்பட்டதெல்லாம். ஒரு தடவை சண்முகத்தாய் ஆட்டுப் புழுக்கையை இலையில் மடித்துக் கொடுத்துவிட்டு நமுட்டுச் சிரிப்புச் சிரித்தாள். அதையும் கண்ணை மூடிச் சிரத்தையாக மோந்து பார்த்தவரைக் கண்டு அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. ஒரு நாள் அவள் விரலிடுக்கில் வெள்ளி மாதிரி ஏதோ மினுங்குவதைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"வெடிமருந்து. அலுமினியப் பொடி. சாயங்காலம் கம்பெனி வேன்ல வந்து எறங்கினா நேரா இங்கனதான் வருவேன். ஒரு பிடி மண்ணும் நாலு தொளசியும் வச்சு அரக்கித் தேச்சாத்தான் அந்த வாடை போகும். அப்புறந்தான் எம் புள்ளைக்குச் சோறு போட்டுக் குடுப்பேன். சினேகாவுக்கு அந்த வாடை ஆகாது."

"அந்த மருந்து வாடையாவது எனக்குத் தெரிஞ்சாப் போதும் தாயி" என்றார் அபுதாஹிர்.

அதுவரை பாய் பாய் என்று கூப்பிட்ட சண்முகத்தாய், அன்று பஸ் ஏறும்போது "பாத்துப் போங்கண்ணே" என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு, விதைப்பு முடிந்த காட்டில் நிற்கும்போது மழை வந்தது. சண்முகத்தாய்க்கு மழை என்றால் வெடி காயாது, மறுநாள் கம்பெனி லீவு, கூலி இல்லை. இருந்தாலும் முகமெல்லாம் பூரிப்பாக, "கூலி போனாப் போகுது, காடு பொளச்சுது" என்று கையை நீட்டி மழையைப் பிடித்தாள். நாகையா மூச்சை இழுத்து இழுத்து, "மண்ணு என்னமா மணக்குது!" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அபுதாஹிர் குனிந்து ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மூக்கில் வைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தார். ஒன்றுமே இல்லை. ஐம்பத்து நாலு வயது மனிதர், மழையில் நின்று, மறைக்காமல் அழுதார்.

அப்போது காதில் ஏதோ கேட்டது. கரிசல் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். தாகத்தோடு வந்தவன் செம்பைக் கவிழ்த்துக் குடிக்கிற மாதிரி மண் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. அபுதாஹிர் அழுகையை நிறுத்தி உட்கார்ந்து காதைச் சாய்த்தார். முப்பத்தொரு வருஷமாக விதையின் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது அது. பாதத்தைக் கரிசல் கவ்விப் பிடித்தது, முதுகில் மழை தட்டியது, ஓடைப் பக்கம் ஒரு மயில் அகவியது. எல்லாம் இருந்தது. ஒன்று போனதும் மற்றதெல்லாம் இருப்பது அன்றுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். வாழ்நாளில் பல ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். அன்றுதான் யாருக்குச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு மனிதர் வேறு ஆளாகிவிட்டார். சோற்றைக் கையில் எடுத்தால் அதன் சூட்டை ஒரு கணம் உணர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கிட்டங்கி ஓட்டுச் சந்து வழியாக விழுகிற வெயிலில் வத்தல் தூசி சிவப்பாக மிதப்பதைச் சுமைகாரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாய்க்கு மூக்கோடு மூளையும் போய்விட்டது என்று அவர்கள் கேலி பேசினார்கள், ஆனாலும் நின்று பார்த்தார்கள்.

மார்கழியில் பூ வந்தது. வெள்ளைப் பூ, விரல் நகம் அளவுக்கு, தரையைப் பார்த்துத் தொங்கியது. நின்றுகொண்டு பார்த்தால் முகம் தெரியாது. அபுதாஹிர் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டு, தலையைக் கீழே கொண்டுபோய் அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டுக் காரத்துக்கு இம்புட்டு வெள்ளையா!" என்று அவர் சொன்னதை நாகையா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். போனில் படம் பிடித்துக் கொண்டுவந்து ஆவுடைத்தாயிடம் காட்டினார். அவளும் பார்த்ததில்லை. வெகு நேரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த வத்தலின் காம்பைத் தடவி, "நான் கிள்ளிப் போடுற இந்தக் காம்புலதான் அந்தப் பூ தொங்குச்சா?" என்றாள். அன்று அவள் ரொம்ப மெதுவாகக் காம்பு கிள்ளினாள்.

நாகையா கொடுத்த நாற்று ஒன்றை உடைந்த வாளியில் நட்டு வீட்டு வாசலில் வைத்திருந்தார் அபுதாஹிர். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நெய்ச்சோறும் தால்ச்சாவும். சம்சாத் வழக்கம்போல நாதியாவோடு போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"சம்சாத்து! தால்ச்சா அடிபிடிக்குது பாரு! போனைக் காதுல வச்சா உனக்கு ஒலகமே தெரியாது!"

"ஆமா, வந்துட்டாரு கொறை சொல்ல! வாசல்ல நின்னுக்கிட்டு உங்களுக்கு என்ன தெரியும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். கையிலிருந்த போனுக்குள் நாதியா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சம்சாத் வாசலுக்கு ஓடி வந்தாள். அபுதாஹிர் கையில் செம்பு சாய்ந்து, தண்ணீர் வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. தான் சொன்னது என்ன என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருந்தது.

"கண்ணை மூடுங்க" என்றாள். வெறுங்கையை மூடி அவர் மூக்கடியில் வைத்தாள். "இது என்னங்க?"

அபுதாஹிர் மூச்சை இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார்.

"ஒண்ணுமில்லை. வெறுங்கை" என்றார். "வெங்காயம் உரிச்ச கை. கொஞ்சம் கருவேப்பிலையும் இருக்கு."

சம்சாத் அழுதாள், சிரித்தாள், முந்தானையால் அவர் முகத்தையும் சேர்த்துத் துடைத்தாள். அதற்குள் தால்ச்சா நன்றாகவே கருகிப்போயிருந்தது. வேறு குழம்பு வைக்கிறேன் என்றவளைத் தடுத்து, அதையே போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒவ்வொரு கவளத்தையும் மூக்கருகே நிறுத்தி நிறுத்தித் தின்றார். எதிரே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்சாத், "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வாயில வைக்க முடியலை" என்றார் அபுதாஹிர். "இன்னுங் கொஞ்சம் போடு."